டீக்கனுக்கு ஒரு மூட்டை மயில்துத்தம்

வெர்னா தூண்டிலில் மாட்டி வீசிய ரப்பர் தவளை பாசிமேல் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தது. குளத்தில் தண்ணீர் எங்கே என்று கேட்டால் அவள் கணவன் ராய்ஸுக்கே காட்டத் தெரியாது. இந்த ஆகஸ்ட் வெயிலுக்குக் கரையிலிருந்து கரைவரை ஒரே பச்சைக் கம்பளி. கொக்கு கால் நனையாமல் நடந்து போகிறது.

"மெதுவா இழு," என்றான் ராய்ஸ்.

"முப்பது வருஷமா தவளை போடறேன். எனக்கே பாடம் எடுக்கறியா கிழவா?"

சொல்லி வாய் மூடவில்லை, பாசி வெடித்தது. கழிப்பறைத் தொட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு சத்தம். தவளை இருந்த இடத்தில் ஓட்டை.

டீக்கன்தான். ஒன்பது பவுண்டாவது இருக்கும் பாஸ் மீன். சர்ச் ஊழியக்காரர் மாதிரி ஞாயிற்றுக்கிழமை சர்ச் நேரத்தில் மட்டும் எழும்பிப் பாயும், அதனால் வெர்னா வைத்த பெயர் டீக்கன். அதைப் பிடிக்கவென்றே நான்கு வருஷமாக இருவரும் சர்ச்சுக்கு மட்டம் போடுகிறார்கள்.

அனுபவமில்லாதவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள். சத்தம் கேட்டவுடன் சுண்டினால் தவளை மட்டும் திரும்பி வரும். வெர்னா சுண்டவில்லை. "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணினாள். நூலில் கனம் தெரிந்ததும் சக்கர நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்து கோலை ஒரே வெட்டாக வெட்டி இழுத்தாள். கோல் வில்லாக வளைந்தது. மாட்டிக்கொண்டது!

ஆனால் பாசிக்குளத்தில் மாட்டுவது பாதி வேலைதான். மீன் தலையைக் கீழே விட்டால் பாசிக்குள் புதைந்துகொள்ளும். விடாமல் இழுக்க வேண்டும். வெர்னாவின் வலது கையில் அந்த இழுப்பு இல்லை. கால்களை முடக்கிய நோயில் போன வருஷம் முதல் விரல்களும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. ராய்ஸ் கை தன்னால் கோலை நோக்கி நீண்டது.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்! இன்னொரு கை பட்டா அது என் மீன் இல்ல."

அந்த ஊர்ப் பக்கத்தில் மீன் பிடிப்பவர்களுக்கு அதுதான் சட்டம். ராய்ஸ் கையை இழுத்துக்கொண்டான். மீன் பாசிக்குள் புகுந்து நூலில் ஒரு கூடைப் பாசியின் எடை ஏறியது, அவள் விரல்கள் பிரிந்தன, நூல் தொய்ந்தது.

"போயிட்டான்," என்றாள் வெர்னா. பிறகு சிரித்தாள். "இந்தப் பாசி மட்டும் இல்லாம இருந்தா ஒத்தக் கையால தூக்கியிருப்பேன்."

பர்மிங்ஹாம் டாக்டர் செப்டம்பர் வரைக்கும்தான் அந்தக் கை வேலை செய்யும் என்று சொல்லியிருந்தார். இன்னும் மூன்று வாரம்.

மறுநாள் ராய்ஸ் தீவனக் கடைக்குப் போய் பாசியைக் கொல்ல ஒரு மூட்டை மயில்துத்தம் கேட்டான். கடைக்கார டெல்பர்ட் தலையைச் சொறிந்தான்.

"மிஸ்டர் ராய்ஸ், முழுக் குளத்துக்கும் ஒரே தடவையில போட்டுடாதீங்க. மூணுல ஒரு பங்கு போடுங்க, பத்து நாள் விடுங்க, அப்புறம் அடுத்த பங்கு."

"ஒரே தடவையில போட்டா என்னடா ஆகும்?"

"செத்த பாசி அழுகும்ல, தண்ணியில இருக்கற மூச்சை எல்லாம் அதுவே குடிச்சிடும். இந்த வெயில்ல, அதுவும் வானம் மூடிக்கிச்சுன்னா, காலையில மீன் பூரா மிதக்கும்."

மூன்று பங்கு, இடையிடையே பத்து நாள். ராய்ஸ் வண்டி ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டான். கடைசிப் பங்கு போட்டு அது வேலை செய்வதற்குள் அவள் கை போய்விடும். வியாழக்கிழமை அவள் தூங்கிய மத்தியானத்தில் மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டி, படகுக்குப் பின்னால் மாட்டி, மூட்டை முழுவதும் கரையும்வரை குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் பாசி பழுப்பாகி அமுங்கிவிட்டது. நடுக்குளத்தில் தண்ணீர், நிஜத் தண்ணீர், பளபளத்தது. வெர்னா ஜன்னலைவிட்டு நகரவில்லை.

"என்னய்யா பண்ணே?"

"கொஞ்சம் மருந்து போட்டேன்."

"நாளைக்கு டீக்கனுக்குக் கடைசி ஜெபம்," என்று சொல்லி இரண்டு பிஸ்கட் கூடுதலாகச் சாப்பிட்டாள். ரொம்ப நாளாக அவள் தட்டைக் காலி செய்ததே இல்லை. மேகம் கூடிக்கொண்டு வருவதை ராய்ஸ் பார்த்தான். பார்க்காத மாதிரி திரைச்சீலையை இழுத்துவிட்டான்.

விடியற்காலை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போதே நாற்றம் அடித்தது. குளம் முழுக்க வெள்ளை வயிறுகள். சின்ன மீன்களில் சில இன்னும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்தன. பெரியவைதான் முதலில் போயிருந்தன.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டியா?"

"ஆமா."

"டெல்பர்ட் சொல்லலியா?"

"சொன்னான்."

வெர்னா வெள்ளை வயிறுகளுக்கு நடுவே தேடினாள். கரையிலிருந்து இருபதடியில் டீக்கன் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் எப்போதாவது ஒருமுறை திறந்தது. நான்கு வருஷத்தில் இப்போதுதான் அதை முழுசாகப் பார்க்கிறார்கள். நினைத்ததைவிடப் பெரிசு.

"கோலைக் குடு."

வீசினாள். அப்படி ஒரு வீச்சு! தவளை சத்தமே இல்லாமல் அதன் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. நடுவில் ஒரு இழை பாசி இல்லை. ஒருமுறை அசைத்தாள், நிறுத்தினாள், மறுபடி அசைத்தாள். தவளை டீக்கனின் வாயில் இடித்தது. அது திறக்கவில்லை. செவுளும் அப்புறம் திறக்கவில்லை.

அவள் விரல்கள் பிரிந்தன. கோல் மடியில் சரிந்து, தண்ணீர்ப் பக்கம் நழுவியது. ராய்ஸ் கை தன்னால் நீண்டு, பாதியில் நின்றது. அதட்டலுக்காகக் காத்திருந்தான்.

"எடுத்துக்கோ," என்றாள் வெர்னா. "நூலை நீயே சுத்திடு."