ஏழாம் பெண்ணின் பச்சைத் துண்டுகள்

படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றியது அவளுடைய ஆய்வு. பேட்டிகளை அச்சடித்து, வரி வரியாக வெட்டி, ஒரே விஷயத்தைப் பேசும் வரிகளுக்கு ஒரே நிறம் தீட்டி விடுதி அறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். களைப்புக்கு நீலம். 'சமாளிக்கும் வழி'களுக்குப் பச்சை. துண்டின் மூலையில், பேசியவருடைய எண்.

"ரூமா இது, தையல் கடையா?" அறைத்தோழி தன் காலில் ஒட்டியிருந்த துண்டை உரித்து நீட்டினாள். "இந்தாடி, உன் பச்சை ஒண்ணு தப்பிச்சுப் போகப் பாத்துச்சு."

சிரித்தபடி வாங்கிப் படித்தாள். 'பீரோ சாவி எங்க இருக்குன்னு பொண்ணுக்குக் காட்டிட்டேன்.' ஏழாம் எண். ஒட்டப்போன இடத்தில் இன்னொரு பச்சை, அதுவும் ஏழு. 'நல்ல துணியெல்லாம் தங்கச்சிக்கே குடுத்துட்டேன்.' அவள் கண் நீலத்துக்குத் தாவியது. 'படுத்தா எழுந்திருக்கவே கூடாதுன்னு தோணுது.' மறுபடியும் ஏழு.

ஏழுகளை எல்லாம் பிய்த்துத் தரையில் வரிசையாக வைத்தாள். அந்தப் பெண் விடைபெற்றுக்கொண்டிருந்தாள். இவளோ அதை வெட்டிப் பிரித்து, சமாளிக்கிறாள் என்று எழுதியிருந்தாள். போன வாரம்தான் வழிகாட்டிப் பேராசிரியை, "பச்சை நல்லா வலுவா வந்திருக்கு" என்று மெச்சியிருந்தார்.

ஏழாம் பெண்ணுக்குப் போன் அடித்தாள், அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. பேராசிரியையைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் வீட்டுக்கு உடனே போகவேண்டும் என்றாள்.

"பேட்டி குடுத்தவங்கள நாமளா தேடிப் போகக் கூடாதும்மா, விதி தெரியும்ல?"

"அந்தத் துண்டெல்லாம் சேத்துப் படிச்சுட்டேன் மேடம்." வரிசையாக வாசித்துக் காட்டினாள்.

"அப்புறம் ஏன் இன்னும் போன்ல நிக்கிற? ஓடு. நான் ஆம்புலன்ஸ் சொல்றேன், விலாசத்தச் சொல்லு."

பேருந்து ஊர்ந்தது. இறங்கி, செருப்பு அறுந்த காலோடு மாடிப்படி ஏறினாள். கதவை இரண்டு கையாலும் தட்டினாள். உள்ளே படுக்கையில் கிடக்கும் கிழவியின் இருமல். வேறு சத்தம் இல்லை. "அக்கா! அக்கா, கதவத் திறங்க!" மறுபடியும் தட்டினாள், கை எரியும்வரை.

தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது. ஏழாவது பெண் நின்றாள். தலை வாரி, முகம் கழுவி, எங்கோ புறப்பட்டவள்போல. மேசைமேல் ஒரு டம்ளர் தண்ணீர். பக்கத்தில் கிழவியின் தூக்க மாத்திரைகள், எல்லாம் அட்டையிலிருந்து உரிக்கப்பட்டு, குவியலாக.

"நான் சொன்னதப் படிக்க" என்றாள் அவள், "இவ்வளவு நாளாச்சா உனக்கு?"

இவள் அவளுடைய மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டாள்.