ஆணி போன இடம்

மனித குலத்தின் வீழ்ச்சி ஒரு பிளாஸ்டிக் வாளியில்தான் தொடங்கியது. இதை எந்த மேடையிலும் நிரூபிக்க நான் தயார். ஆதாரம் எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது, பச்சை நிறம்.

வாளி அக்காவுடையது. அக்கா தபால் கொடுக்கிறவள். அவளுடைய மேட்டுத் தெருவில் மட்டும் நூற்றுப் பத்துப் படிகள். சுண்டுவிரல் ஓரத்தில் இருந்த கால் ஆணி, மருந்து பிளாஸ்திரி ஒட்டி ஒட்டி, போன வாரம் ஒருவழியாகக் கழன்று விழுந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். திங்கட்கிழமை அந்தத் தெருவை நடந்து முடிக்காவிட்டால் அது வேறு ஆளுக்கு. அவளுக்கு முத்திரை குத்தும் மேஜை. போஸ்ட்மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"என்னை உக்கார வச்சா அந்த மேஜைதான் அழும்," என்றாள் அக்கா.

அன்றிலிருந்து தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம். பிறகு துண்டால் ஒற்றி, விரல் இடுக்குகளைத் தனித்தனியாகத் துடைத்து, வாஸ்லின் தடவி, மேலே பஞ்சு வளையம். ஷூ ஒரு அளவு பெரிது.

"என்னக்கா, விரலுக்குப் பேர் வைக்கிறது எப்போ?"

"வாயை மூடுடா. உனக்கும் அதே விரல்ல ஆணி. அந்தக் கூர்மூக்கு ஷூவை மாட்டிக்கிட்டு நொண்டறதை நான் பாக்கலையா?"

"அது நொண்டல் இல்லக்கா. அது என் ஸ்டைல்."

உண்மையில் அவளுடைய பிளாஸ்திரிகளைச் சுட்டு நானும் ஒட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை என் ஆணியும் விழுந்தது. வாளி இல்லை, வாஸ்லின் இல்லை, விஞ்ஞானம் வென்றது. வேர் கீர் மிச்சம் இருந்தால் என்ன செய்வது என்று, புதுத் தோலின் மேலேயே இன்னொன்றை ஒட்டினேன். அக்கா பார்த்துவிட்டாள்.

"டேய், ஆணி விழுந்தப்புறம் அதை ஒட்டாதே. மருந்து நல்ல தோலையும் தின்னுரும்."

"உன் தோல் பூந்தோல். என்னுது எருமைத் தோல்க்கா."

"அதை நானே பல தடவை சொல்லியிருக்கேன்."

திங்கள் காலை. அக்கா பையைத் தோளில் மாட்டி, வாசற்படியில் பாதத்தை ஒருமுறை அழுத்தி ஊன்றிப் பார்த்தாள். திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் என் பிளாஸ்திரியை உரித்தேன். தோல் வெள்ளையாக வெந்து கூடவே வந்தது. கூர்மூக்கு ஷூவில் காலை விட்டேன். விட்ட வேகத்தில் எடுத்தேன். கல்லூரிக்கு விடுமுறை அறிவித்தேன்.

மதியம் வாசலில் பை தொப்பென்று விழுந்த சத்தம்.

"நூத்திப்பத்தும் ஏறிட்டியாக்கா?" என்று குளியலறைக்குள் இருந்தே கத்தினேன்.

"ரெண்டு தடவை. உச்சி வீட்டுல கையெழுத்து வாங்க மறந்துட்டேன். தெரு எனக்கேதான்டா!" ஷூவைக் கழற்றும் சத்தம். பிறகு, "என் வாளி எங்க?"

பச்சை வாளியிலிருந்து காலை எடுத்துத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தேன். இன்னும் மூன்று விரல் இடுக்கு பாக்கி இருந்தது.