பாலத்துக்கு முன் அமைந்த மந்திரிசபை

டென்மார்க்கின் பிராண்டேயில் காரைக் கிளப்பும்போதே நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது. அறிவித்தவர் தவராஜா. மூத்த மகள் மேனுஜாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: புதிதாக விடுதலை பெற்ற நாடு தன் முதல் அரசாங்கத்தை எப்படி அமைக்கும் என்று எழுதிவர வேண்டும். அதற்கென்ன, புரொண்பி போய்ச் சேருவதற்குள் இந்தக் காரையே நாடாக்கிச் செய்து பார்த்துவிடுவோம் என்றார் தவராஜா. அரசியல் என்றால் மனுசனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்தால், யூடியூபில் கொழும்புப் பாராளுமன்றத்தை ஒருதரம் அலசிவிட்டுத்தான் உடுப்பு மாற்றுவார்.

பக்கத்து இருக்கையில் பட்டுச்சேலையோடும் மடியில் பயத்தம்பணியாரப் பெட்டியோடும் இருந்த அவர் மனைவி நிரோஜினிக்கு இந்த விடுதலையில் அவ்வளவு அக்கறை இல்லை. புரொண்பியில் அவள் தங்கை சுஜீதாவின் மகள் பெரியபிள்ளையானதற்கு நடக்கும் சாமத்தியவீட்டுக்குத்தான் போகிறார்கள், ஆனால் அவள் மனம் திங்கட்கிழமையில் கிடந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்தவளுக்கு திங்கள் முதல் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் கூட, மரியாதையும் கூட. ஆனால் தனியே கார் ஓட்ட வேண்டும். இரண்டு முறை தவறி மூன்றாம் முறை எடுத்த லைசென்ஸ் ஒரு வருசமாகக் கைப்பைக்குள் தூங்கியது. தவராஜா அவளிடம் காரைத் தந்ததெல்லாம் கடைத் தரிப்பிடத்தில் சுற்றிவரத்தான், அதுவும் ஹாண்ட்பிரேக்கில் தன் கையை வைத்துக்கொண்டு. பெரிய ரோட்டில் ஓட்டவா என்று கேட்டால் பனி போகட்டும், மழை போகட்டும், காற்று விழட்டும் என்பார். டென்மார்க்கில் காற்று விழுந்த நாளை அவள் இன்னும் காணவில்லை. வேலையை வேண்டாமென்று சொல்லிவிடுவோமா என்று நேற்றுக் குளியலறையில் இருந்து அழுதாள்.

நாட்டுக்கு நான்கு ஆசனம், நான்கு கட்சி. தவராஜா உடனே தன்னைப் பிரதமராக்கி, நிதி, பாதுகாப்பு, வெளிநாட்டலுவல் தொடங்கி மிச்சம் மீதியையும் தானே எடுத்துக்கொண்டார். மேனுஜா அதை வாக்கெடுப்புக்கு விட்டாள். டென்மார்க் முறைப்படி அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை ஆதரவு தேவையில்லை, பெரும்பான்மை எதிர்க்காமல் இருந்தாலே போதும் என்றும் விளக்கினாள். பின்னால் இரண்டு கை, முன்னால் ஒன்று, மூன்றும் எதிராக எழும்பின. முதல் அரசாங்கம் வைலே வருவதற்குள் கவிழ்ந்தது. கவிழ்ந்தவரின் முகத்தைப் பார்த்துச் சிரித்ததில் நிரோஜினிக்குப் புரையேறியது.

தவராஜா சளைத்தவர் இல்லை, கூட்டணி பேச இறங்கினார். சின்னவள் மிதுஷா ஐஸ்கிரீம் அமைச்சு கேட்டாள். அவளுடைய கொள்கை மூன்று வேளையும் ஐஸ்கிரீம் என்பதால் நிதியமைச்சர் கையை விரித்தார். யாராவது எதிர்க்கட்சியில் இருக்கத்தானே வேண்டும் என்று மேனுஜா ஒதுங்கிக்கொண்டாள். மிஞ்சியது மனைவி.

"நீர் என்ன கேக்கிறீர்?"

கார் அப்போது லில்லெபெல்ட் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. கீழே கடல் மினுங்கியது. இன்னொரு பாலம், இதைவிடப் பெரியது, முன்னால் இருக்கிறது என்ற நினைப்பு நிரோஜினிக்கு வந்தது.

"போக்குவரத்து," என்றாள்.

தவராஜா சிரித்துவிட்டார். கடைசியாக வந்து ஒட்டிக்கொள்ளும் ஒற்றை ஆசனக்காரனின் வாயை அடைக்கக் கொடுக்கிற அமைச்சு அது என்பது அவருடைய கொழும்பு ஞானம். பாதுகாப்பைக் கேட்டிருந்தால் யோசித்திருப்பார். எடும் எடும் என்று தாராளமாகத் தூக்கிக் கொடுத்தார். அதோடு விட்டாரா? அவரவர் அமைச்சில் அவரவர் சொல்வதே முடிவு, பிரதமரும் தலையிடக் கூடாது என்று மேனுஜா கொப்பியில் எழுதிய ஒப்பந்தத்தில் ஒரு வரியையும் தானே சொல்லிச் சேர்க்கவைத்தார். பெரிய அமைச்செல்லாம் தன்னுடையது என்ற தைரியம்.

பிள்ளைகள் இரண்டு பேரும் எதிர்த்தார்கள், நாலில் இரண்டு பெரும்பான்மை இல்லை என்பதால் அரசாங்கம் கவிழாமல் நின்றது. ஓடென்சவில் தேசிய கீதம் தேடினார்கள். கார் ஹோர்ண்தான் கீதம் என்று முடிவாகி, மிதுஷா அதை வாயாலேயே பாடினாள். கரையோர நகரமான நூபோ வந்தது. தூரத்தில் பெரிய பாலத்தின் தூண்கள் எழும்பி நின்றன. கரையோர ஓய்விடத்தின் பலகையைக் கண்டதும் நிரோஜினி நிமிர்ந்து இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, உதிலை நிப்பாட்டுங்கோ. பாலத்தை நான் ஓட்டுறன். இது போக்குவரத்து மந்திரியின்ரை முடிவு."

பின் இருக்கையில் இரண்டு பெண்களும் கூத்தாடினார்கள். தவராஜா அவசரகாலச் சட்டம் கொண்டுவரப் பார்த்தார். காற்று என்றார், சேலை என்றார், பாதுகாப்பு மந்திரி நான் என்றார். மேனுஜா நிதானமாக ஒப்பந்தத்தை நினைவூட்டினாள். மீறினால் கூட்டணி முறியும், மூன்று கை எழும்பும், அடுத்த பிரதமர் அம்மாதான். ஆப்பிழுத்த குரங்கின் நிலை அவருக்கு. காரை ஓய்விடத்துக்குள் விட்டார்.

இறங்கியவர் காரின் திறப்பைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் இப்போது பிரதமர் இல்லை.

"எனக்குப் பயமாக் கிடக்கு, நிரோ."

அவர் வாயால் அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. இவ்வளவு நாளும் பனி, மழை, காற்று என்று சொன்னதெல்லாம் இதுதானா? கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு மனம் இளகிவிட்டது.

"எனக்கும்தான். ஆனா திங்கக்கிழமை நீங்கள் பக்கத்திலை இருக்கமாட்டியள். இண்டைக்கு இருக்கிறியள்."

தவராஜா திறப்பைக் கொடுத்தார். பணியாரப் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினார்.

நிரோஜினி சேலையைத் தூக்கிச் செருகி, காருக்குள் கிடந்த தன் வேலைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டாள். பாலம் மேலே மேலே ஏறியது. காற்று காரைத் தள்ளிப் பார்த்தது, அவள் பிடித்த பிடியை விடவில்லை. பாரலொறி ஒன்று உறுமிக்கொண்டு கடந்தபோது தவராஜாவின் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. உச்சிக்கு வந்ததும் இரண்டு பக்கமும் வெறும் கடலும் வானமும்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத, சின்னப் பிள்ளைச் சிரிப்பு. மிதுஷா தேசிய கீதம் பாடினாள், மேனுஜாவும் சேர்ந்துகொண்டாள்.

அக்கரை வந்தது. ஆள் மாறி ஓட்ட எங்கே நிறுத்துவது என்று அவள் கேட்க வாயெடுக்கவும் தவராஜாவின் போன் அடித்தது. சுஜீதா. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள். வெளிநாட்டலுவல் அமைச்சர் தொண்டையைச் செருமினார்.

"பாலம் தாண்டியிட்டம். அக்காதான் ஓட்டிக்கொண்டு வாறா." மறுபக்கத்தில் சுஜீதா பதறிப்போய் அத்தானுக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் பணியாரம் வைச்சிருக்கிறன். புரொண்பி வரைக்கும் அவாதான்."