ஒன்றோ இரண்டோ விழுந்தால்

பக்கத்துத் தோட்டத்துச் சின்னக்கருப்பன் டம்ளரைக் கவிழ்த்த மேனிக்கே ஒரு குலுக்குக் குலுக்கி, விளிம்பைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். விழுந்த எண்ணை யாருக்கும் காட்டக் கூடாது என்று தமிழ்மதி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவரோ டம்ளரை எடுத்துத் தூர வைத்துவிட்டுப் பகடையை விரலால் தட்டிக் காட்டினார்.

"ஒண்ணு விழுந்துருக்கு பாரு. ஒண்ணு விழுந்தா ஆமான்னு சொல்லணுங்குற. நான் வேலியில கரண்டு விடவே இல்லயே தாயி, விடாதவன் எதுக்கு ஆமாங்கணும்? இல்லன்னு எழுதிக்க."

எழுதிக்கொண்டாள். கூக்கால் என்ற அந்த மலையூரில் அவள் ஏறி இறங்கிய அத்தனை வீட்டிலும் இதே கதைதான். சிலர் டம்ளரைத் தொடவே இல்லை. கடைக்காரர் ராஜமுருகன், லூடோ கட்டையை உருட்டுறதுக்கா மூணு வருஷம் காலேஜுக்குப் போன என்று கேட்டு, கடையில் நின்றவர்களையெல்லாம் சிரிக்க வைத்தார்.

சூழலியலும் பரிணாம உயிரியலும் என்று அவள் படிப்பின் பெயரைச் சொன்னால், அதற்கு மேல் கேட்க ஊரில் யாருக்கும் ஒன்றும் இருப்பதில்லை. நர்ஸிங்கா என்பார்கள். இல்லை என்றதும் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வீட்டில் முதல் பட்டம் அவளுடையதாகத்தான் இருக்கப் போகிறது, இந்த ஆய்வை ஒப்பேற்றினால். வகுப்பிலோ வேறு மாதிரி. அங்கே காட்டுமாட்டைப் படத்தில் பார்த்து உருகுகிறவர்கள்தான் அதிகம். விடிவதற்குள் ஒரு மந்தை இறங்கிப் பூண்டுக்காட்டை மிதித்துப் போட்டுவிட்டுப் போனதை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. ஒருநாள் திரையில் ஒரு கட்டம், அதற்குள் 'உள்ளூர் மக்கள்', அதிலிருந்து கிளம்பும் அம்பின் முனையில் 'அச்சுறுத்தல்'. தமிழ்மதி எழுந்து, அந்தக் கட்டத்துக்குள்ள எங்கப்பா இருக்காரு மேடம் என்றாள். ஷைலா மேடம் கோபப்படவில்லை. அப்ப நீயே போய்க் கேட்டுட்டு வா என்று அந்த ஆய்வை அவள் தலையிலேயே கட்டிவிட்டார்.

காட்டுமாட்டைத் தடுக்க வேலியில் நேரடியாகக் கரண்டு விடுவது குற்றம்; அதை நேராகக் கேட்டால் எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். அதற்காகத்தான் பகடை. ஒன்றோ இரண்டோ விழுந்தால், உண்மை எதுவானாலும் 'ஆமா' சொல்ல வேண்டும். மற்ற எண் விழுந்தால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஆமா என்றால் அது பகடையின் ஆமாவா அவருடைய ஆமாவா என்று கேட்பவளுக்கே தெரியாது. ஆளைக் காட்டிக்கொடுக்காமல் ஊரின் கணக்கு மட்டும் கிடைக்கும். யாருமே தப்புச் செய்யாத ஊரில்கூட மூன்றில் ஒரு வீடு ஆமா சொல்லியாக வேண்டும். கூக்காலில் ஒரு ஆமாகூட இல்லை. செய்தவன் ஒளித்தான், செய்யாதவனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஷைலா மேடம் போனில், பூஜ்யம் வரவே முடியாது தமிழ்மதி, நீ புரியவைக்கலை, இதை அப்படியே கொடுத்தா ஃபெயில்தான் என்றுவிட்டார். அன்றைக்கு அவள் அம்மாவிடம் எரிந்து விழுந்தாள். ஒருத்தராவது ஆமான்னு சொல்லித் தொலைச்சா என்ன, என் படிப்பே போகப் போகுது. அப்பா பொன்னுச்சாமி அப்போது வாசலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவளை அரித்தது அதுவல்ல. ஐப்பசியில் ஓடைச் சரிவில் ஒரு காட்டுமாடு செத்துக் கிடந்தது. மூக்கில் கரண்டு தீய்த்த காயம். வனத்துறை ஆட்கள் வந்தார்கள், வேலி வேலியாகப் பார்த்தார்கள், இன்னும் விசாரிக்கிறார்கள். பிடிபட்டால் வருஷக்கணக்கில் ஜெயில் என்று தேர்வில் அவளே எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். தைக்கு வீட்டுக்கு வந்தவள் கண்ணில் முதலில் பட்டது, மோட்டார் கொட்டகை விட்டத்தில் எப்போதும் தொங்கும் கம்பிச் சுருள் இல்லாததுதான். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு என்றாள் அம்மா தமயந்தி, முகத்தைப் பார்க்காமல். அடுத்தது அப்பாவின் கழுத்தில் கிடந்த துளசி மாலை. பழனிக்கு நடந்து போக ஊரே வருஷா வருஷம் மாலை போடும். அப்பா மட்டும் தோட்டத்துச் சோலி இருக்கு என்று தட்டிக்கழிப்பார். இந்த வருஷம் கேட்காமலே போட்டிருக்கிறார். உறைபனி விழுந்த புல்லில் செருப்பில்லாமல் நடக்கிறார். வெள்ளனே எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். தான் நஷ்டப்பட்டு ஒரு உயிர் காட்டுகிற சைகையைத்தான் நம்பலாம் என்று இரண்டாம் வருஷத்தில் படித்திருந்தாள், செந்நாய் எதிரே நின்று எம்பிக் குதிக்கும் மானை வைத்து. அப்பாவின் சைகை எதைச் சொல்கிறது என்று நினைக்கவே பயமாக இருந்தது. அதனால்தான் தன் வீட்டைக் கேட்காமலே முடித்துவிடப் பார்த்தாள்.

சாயங்காலம் குளித்துத் திருநீறு பூசி வந்த அப்பா, அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லா வீட்டுலயும் கேட்டியாம்ல. நம்ம வீடு ஊருக்குள்ள இல்லயா?"

மாலை போட்டிருக்கீங்க, வேண்டாம்ப்பா என்றாள். அவர் டம்ளருக்குக் கையை நீட்டினார். வேறு வழியில்லாமல், முன்பின் தெரியாதவருக்குச் சொல்வதுபோல விதிகளைச் சொன்னாள். எண்ணைக் காட்டக் கூடாது. நானும் கேட்க மாட்டேன். பிறகு தாளைப் பார்த்தே வாசித்தாள்: போன ஒரு வருஷத்துல உங்க தோட்டத்து வேலியில நேரடியா கரண்டு விட்டீங்களா?

அவர் குலுக்கினார். விளிம்பை உயர்த்திக் குனிந்தவர், பார்த்து முடித்த பிறகும் நிமிரவில்லை. அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. டம்ளரை மெதுவாக மூடினார்.

"ஆமா."

தமிழ்மதி எழுதாமல் பேனாவைத் தாள் மேல் வைத்தாள். மாலை போட்டவர் வாயில் பொய் வராது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய் என்றால், அது அவளுக்காகச் சொன்னது. பொய் இல்லை என்றால்?

"அப்பா, இது கட்டை சொன்னதா, நீங்க சொன்னதா?"

பொன்னுச்சாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"அதக் கேக்கக் கூடாதுன்னு நீதான தாயி சொன்ன."

கீழே பூண்டுக்காட்டுப் பக்கம் நாய்கள் குரைத்தன. மாடு எறங்கிருச்சு, வெரசா வாங்க என்று சின்னக்கருப்பனின் குரல் சரிவில் ஏறி வந்தது. அப்பா தட்டி விரட்டும் தகரத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிப் போனார்.

டம்ளர் மேசையில் கவிழ்ந்தபடி இருந்தது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், அந்த ஆமா அவருடையதுதான் என்று தெரிந்துவிடும். அப்புறம் அவள் என்ன செய்வாள்? தெரிந்துகொண்டு அவர் பக்கத்தில் எப்படிச் சாப்பிட உட்காருவாள்? அம்மா நிலைப்படிக்கு வந்து நின்றாள். அவள் கண் மகள் மேல் இல்லை, டம்ளர் மேல் இருந்தது. சாமி காப்பி குடிக்கிற டம்ளரு அது, குடு கழுவணும் என்றாள். சொன்னாளே தவிர, ஒரு அடி முன்னால் வரவில்லை.

தமிழ்மதி விளிம்பை நகக்கண் அளவு தூக்கினாள். உள்ளே வெள்ளையாக ஒரு மூலை தெரிந்தது. சட்டென்று அழுத்தி மூடி, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேசையோடு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துக் குலுக்க ஆரம்பித்தாள். வெளியே தகரம் அதிர்ந்தது. டார்ச் வெளிச்சம் பூண்டுத் தாள்களின் மேல் அங்குமிங்கும் ஓடியது. உள்ளே பகடை எவர்சில்வரில் மோதி மோதி உருண்டுகொண்டே இருந்தது.