தண்ணீர் படாத பட்டு

சீழ், சளி, மலம், மூத்திரம் என்று எது வந்தாலும் கண்ணாடித் தட்டில் தடவிப் பார்ப்பதுதான் விசாலாக்ஷியின் உத்தியோகம். பரேலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லாபரட்டரியில் மூன்று வருஷமாக அதைச் செய்துவிட்டு, மத்தியானம் பக்கத்து அறையில் உட்கார்ந்து நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிடுவாள். ஒரு நாள்கூடக் குமட்டியதில்லை. அப்பேர்ப்பட்டவளுக்குக் குடலைப் புரட்டியது ஒரு பட்டுப்புடவை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்துநாலாம் வருஷம். மாடுங்காவில் நம்மவர்கள் சங்கம் வைத்து நடத்திய பிரசவ விடுதியில் இரண்டு மாதத்துக்குள் நாலு பெண்கள் செத்துப்போனார்கள். நாலும் ஒரே மாதிரி. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும். மூன்றாம் நாள் குளிர் நடுக்கும், ஜுரம் கொதிக்கும், அடிவயிறு வீங்கும், ஒரு வாரத்தில் பாடை கட்டிவிடுவார்கள். கிருமியைக் கொல்லும் ஸல்பா மாத்திரையோ பட்டாளத்துக்கே போதவில்லை. கிருமி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லி லாபரட்டரியின் பெரிய டாக்டர் விசாலாக்ஷியை அனுப்பினார். அவர் அனுப்பாவிட்டாலும் அவள் போயிருப்பாள். அவள் தங்கை ஷ்யாமளாவுக்கு அது எட்டாம் மாதம். அதே விடுதியில்தான் பெயர் பதிந்திருந்தது.

“பெரிய ஆஸ்பத்திரியிலேயே வெச்சுக்கலாமே அம்மா” என்று விசாலாக்ஷி கெஞ்சிப் பார்த்தாள்.

“கண்டவாளும் படுத்துண்ட கட்டில்ல என் பொண்ணு படுப்பாளா? போடி. இங்க ராஜலக்ஷ்மி இருக்கா. அவளோட மடி வேற யாருக்கு வரும்?” என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

ராஜலக்ஷ்மி மாமிதான் விடுதியின் மருத்துவச்சி. கைராசிக்காரி என்று மாடுங்கா முழுக்கப் பேர். காரியதரிசி திருவேங்கடமோ, விசாலாக்ஷி உள்ளே கால் வைக்கும்போதே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

“நீ ஒண்ணும் மெனக்கெட வேண்டாம்மா. எல்லாம் அந்தப் பூமாரியாலதான். தாராவியிலேர்ந்து வரா. எந்தக் கச்ரா குப்பையை மிதிச்சுண்டு வராளோ! ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடு.”

“அப்போ அவளை நிறுத்திட வேண்டியதுதானே?”

“நிறுத்திட்டா ரத்தத் துணியெல்லாம் யார் தோய்ப்பா?” என்றார், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

பூமாரி பின்பக்கத்தில் அண்டாவில் சோடா போட்டுத் துணி வேகவைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சு சுற்றிய குச்சியால் அவள் நகக்கண்ணைத் துடைத்தெடுக்கக் கையைப் பிடித்தாள் விசாலாக்ஷி. அந்தக் கை வெந்து தோலுரிந்திருந்தது.

“அழுக்கு அழுக்குன்னு ஏசுதாவ. அதான் நானும் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாக்கேன். நாலு பேரு செத்ததும் என்னாலதானாம். நான் என்னம்மா செஞ்சேன்?” என்று கேட்டாள் பூமாரி.

அதைத் தட்டுதான் சொல்ல வேண்டும். ஆட்டு ரத்தம் கலந்து உறையவைத்த தட்டு. அந்தப் பொல்லாத கிருமி அதில் வளர்ந்தால் சுற்றியுள்ள ரத்தத்தைத் தின்றுவிடும். குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புள்ளியும், அதைச் சுற்றி வெளிறிய வளையமும் தெரியும். அந்த ரத்தத்துக்காக வியாழக்கிழமை தோறும் தாராவியில் ஜெயினுலாப்தீன் பாய் கறிக்கடைக்கு விசாலாக்ஷியே போவாள். ரத்தம் கட்டிவிடாமல் இருக்கக் கண்ணாடி மணிகள் போட்ட புட்டியில் பிடித்துக் குலுக்கிக் கொடுப்பார் பாய். இது தெரிந்த நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு நேரே மோரி என்கிற குளிக்கும் மூலைதான். அங்கே நின்று தலையில் நாலு சொம்பு ஊற்றிக்கொண்ட பிறகுதான் அம்மா சமையலறைப் பக்கம் எட்டிப்பார்க்க விடுவாள்.

பூமாரியின் தட்டில் வளையம் ஒன்றுகூட இல்லை. விடுதியில் இருந்த எல்லார் தொண்டையையும் சோதித்தாள். கத்தரிக்கோல், கொப்பூழ்க்கொடி கட்டும் நூல், பேசின், அலம்பிய கையோடு நின்ற மாமியின் விரல் எல்லாமே சுத்தம். பதினைந்து நாள் இப்படியே போயிற்று. அதற்குள் ஐந்தாவதாக ஒருத்திக்குக் குளிர் கண்டது. அடுத்த பிரசவத்தைப் பக்கத்தில் நின்றே பார்த்துவிடுவது என்று விசாலாக்ஷி தீர்மானித்தாள்.

மாமி முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஐந்து நிமிஷம். அப்புறம் கொதித்து ஆறின ஜலம், அப்புறம் லைசால். விசாலாக்ஷிக்கு மரியாதையே வந்துவிட்டது. வேகவைத்த வெள்ளைத் துண்டு மூடின டப்பாவில் தயாராக இருந்தது. மாமி அதைத் தொடவில்லை. ஈரக்கை இரண்டையும் தன் பட்டுப்புடவைத் தலைப்பில் அழுந்தத் துடைத்துக்கொண்டு, அதே கையோடு குனிந்து பிரசவம் பார்த்தாள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும், “துண்டு இருந்ததே மாமி?” என்று கேட்டாள் விசாலாக்ஷி.

“அது பூமாரி தோய்ச்சதுடி. விழுப்பு. நான் மடியோன்னோ?”

“இந்தப் பட்டை எப்போ தோய்ச்சேள்?”

மாமி சிரித்தாள். “பட்டுக்கு ஏதுடி தீட்டு? பதினோரு வருஷமா இதை உடுத்திண்டுதான் பிள்ளை எடுக்கறேன். வெய்யில்ல காட்டி மடிச்சு வெப்பேன். ஒரு சொட்டு ஜலம் பட்டதில்லை!”

அதில் என்ன பெருமை! விசாலாக்ஷி கிட்டப் போனாள். அரக்கு நிறம் என்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தலைப்பு மட்டும் பொரிக்காத அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. நெய்யும் புளித்த பாலும் பழைய ரத்தமும் கலந்து ஒரு வாடை. பதினோரு வருஷத்துப் பெண்களின் ரத்தமும் நீரும் சீழும் அடுக்கடுக்காக அதற்குள் உட்கார்ந்திருந்தன. சீ! ஓரத்தில் பிரிந்து தொங்கிய ஒரு நூலை இடுக்கியால் பிய்த்துக் குழாயில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடியவள், சாக்கடையோரம் குனிந்து வாந்தியெடுத்தாள்.

மறுநாள் தட்டு முழுக்க வளையங்கள். ஐந்தாவது பெண்ணின் ரத்தத்தில் வளர்ந்ததும் அதே கிருமிதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தியிடமிருந்து தலைப்பில் ஏறியது, அங்கிருந்து மற்றவர்களுக்குப் போயிருக்கிறது. இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனாள்.

“இதென்னடி, செக்கச்செவேல்னு?” என்றாள் மாமி.

“ஆட்டு ரத்தம் மாமி. அதுலதான் கிருமி வளரும். உங்க பட்டு நூலை இதுல வெச்சுப் பார்த்தேன்.”

“ராம ராம! மடிப் பட்டைக் கொண்டுபோய் ஆட்டு ரத்தத்துலயா போட்டே? கிராதகி! நீ விளங்குவியா?” கிருமி என்ற வார்த்தை மாமியின் காதில் ஏறவே இல்லை.

“ஆட்டு ரத்தத்துல எதைப் போட்டாலும் அழுகத்தான் அழுகும். இது ஒரு ஆராய்ச்சியா?” என்று ரிப்போர்ட்டை மேஜை டிராயருக்குள் தள்ளினார் திருவேங்கடம். பெரிய டாக்டர் கடிதம் எழுதினார். எங்கள் ஆசாரத்தில் தலையிட வேண்டாம் என்று பதில் வந்தது. அந்த வாரமே ஐந்தாவது பெண்ணும் போய்ச்சேர்ந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை காலை. பாய் கடையில் ரத்தப் புட்டியை வாங்கிக்கொண்டு விசாலாக்ஷி திரும்பினாள். பூமாரி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அம்மா, ஒங்க தங்கச்சிக்கு நாளாவுமுன்னயே வலி கண்டுட்டு. விடுதிக்குக் கூட்டியாந்துட்டாவ. மாமி அந்தச் சேலையத்தான் கட்டியிருக்காவ. ஜல்தி வாங்க!”

இரண்டு பேரும் ஓடினார்கள். கெஞ்சுவதா, அழுவதா, மாமியின் காலில் விழுவதா என்று வழியெல்லாம் விசாலாக்ஷிக்கு ஒன்றும் ஓடவில்லை. பிரசவ அறை வாசலில் மாமி அப்போதுதான் கை அலம்பி முடித்துத் தலைப்பை எடுத்தாள். உள்ளே ஷ்யாமளா “அக்கா!” என்று அலறினாள். விசாலாக்ஷி தக்கையைப் பிடுங்கினாள். புட்டி ரத்தம் முழுவதையும் அந்தப் பட்டின்மேல் கொட்டினாள். கண்ணாடி மணிகள் தரையில் தெறித்து உருண்டன.

“ஐயோ, தீட்டு! தீட்டு!” மாமி போட்ட கூச்சல் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். குளியலறைக்குள் ஓடிப் பட்டை உருவி எறிந்தாள். தலையில் வாளி வாளியாகக் கொட்டிக்கொண்டாள். வெளியே வந்தால் உடுத்திக்கொள்ள வேறு மடி இல்லை. ஷ்யாமளாவின் குழந்தையோ காத்திருக்கிற மாதிரி இல்லை. வாயிலடித்துக்கொண்டே மாமி, பூமாரி வேகவைத்த நூல் புடவையைச் சுற்றிக்கொண்டாள். மறுபடி கை அலம்பி, பூமாரி வேகவைத்த துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அரைமணியில் பெண் குழந்தை பிறந்தது.

மூன்றாம் நாள் ஷ்யாமளாவுக்குக் குளிர் வரவில்லை. நாலாம் நாளும் வரவில்லை. பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து பத்தியக் குழம்பு காரமே இல்லை என்று சண்டை போட்டாள். அம்மா மட்டும் விசாலாக்ஷியோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். போகட்டும், அந்தப் பீடைப் புடவை தொலைந்ததே என்று விசாலாக்ஷி தேற்றிக்கொண்டாள்.

குழந்தை பிறந்து இரண்டு வாரம் கழித்து வந்த வியாழக்கிழமை பூமாரி மறுபடியும் பாய் கடைக்கு ஓடிவந்தாள்.

“ஐயரு வந்து மந்திரஞ் சொல்லி, சாணியுங் கோமியமுந் தெளிச்சு அந்தச் சேலைய வெயில்ல காயப்போட்டாவம்மா. தண்ணியில முக்கவே இல்ல. இன்னைக்கு மறுபடியும் கட்டிக்கிட்டு நிக்காவ. ஆறாம் நம்பர் பொம்பளைக்கு வலி கண்டுட்டு.”

ஆறாம் நம்பரில் இருப்பது யாரென்றுகூட விசாலாக்ஷிக்குத் தெரியாது. ஏற்கெனவே வாங்கிய புட்டியைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“பாய், இன்னொரு புட்டி குடுங்கோ.”

“இதுவும் லாபரட்டரிக்காம்மா?” என்று கேட்டார் ஜெயினுலாப்தீன்.

“இல்லை. இது விடுதிக்கு” என்றாள் விசாலாக்ஷி.