இருபத்தாறு நறுக்குகள்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தேவாலயத்துப் பின்கூடத்தில் மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, நானும் கெய்னரும் போர்வையைத் தரையில் விரித்தோம். அந்தத் தரை நீளவாக்கில் பலகை பாவியது. பலகைகளுக்கு இடையிலுள்ள கோடுகள் நூல் பிடித்ததுபோல நேராக இருக்கும். போர்வையின் இடது விளிம்பைத் தலைமாட்டில் ஒரு கோட்டின்மேல் சரியாக வைத்தேன். கால்மாட்டுக்குப் போய்ப் பார்த்தால் அங்கேயும் விளிம்பு அதே கோட்டின்மேல்தான் இருந்தது. நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு விலகிப் போயிருந்தது. வலது விளிம்பும் அதே பக்கமாக வளைந்திருந்தது. இழுத்துப் பார்த்தோம், நீவிப் பார்த்தோம், சுருட்டி மறுபடியும் விரித்தோம். அது வாழைப்பழம் மாதிரி வளைந்தே கிடந்தது.

"ஏன் மெய்னிர், பொண்ணும் மாப்பிள்ளையும் வளைஞ்சுதான் படுத்துக்கணும்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்றாள் கெய்னர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இருபத்தேழு வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். எடைக்கற்களை விரலால் தொடக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்கவேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவள். இந்தப் போர்வைக்கான இருபத்தேழு பட்டைகளையும் நானேதான் வெட்டினேன். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் முப்பது நீளம், எட்டு சென்டிமீட்டர் அகலம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்தேன். தையலும் நேராக இருந்தது. பட்டை சரி, தையல் சரி, இரண்டும் சேர்ந்தால் மட்டும் கோணல். இது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை தைத்து முடித்துப் பார்த்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன், பிடிபடவில்லை.

இதைக் கேட்டவுடன் சொல்லக்கூடியவள் எங்கள் பள்ளத்தாக்கில் ஒருத்திதான், நெஸ்டா. துண்டுத்துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிற எங்கள் ஒட்டுத்துணிச் சங்கத்தின் செயலாளர். முப்பத்தோரு வருடமாகச் சங்கத்தில் எல்லார் வீட்டுக் கட்டிலுக்கும் போர்வை தைத்துக் கொடுத்தவள். பிறந்த குழந்தைக்கு ஒன்று, வீடு மாறினால் ஒன்று, கெய்னரின் கணவன் காலை உடைத்துக்கொண்டபோது கட்டுப்போட்ட காலுக்கு மட்டும் தனியாக ஒன்று. அவள் கட்டிலில் கிடப்பதோ கடையில் வாங்கிய பஞ்சுப் போர்வை. இப்போது அறுபத்தொன்பதாவது வயதில், நடமாடும் நூலக வண்டி ஓட்டுகிற எம்லினைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறாள். இன்னும் மூன்று வாரம். அவளுக்குத் தெரியாமல் நாங்கள் பதின்மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு பட்டைக்கான துணி கொடுத்தோம். இருபத்தேழாவது பட்டை, நட்டநடுவில் வருவது, எம்லின் கொடுத்தது. அவன் வீட்டு முன்னறைத் திரைச்சீலையிலிருந்து வெட்டியது. பச்சைத் துணி முழுக்க வாத்துகள். கல்யாணத்துக்கு முன்னால் அந்தத் திரைச்சீலை வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்பது நெஸ்டா போட்ட ஒரே நிபந்தனை.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு ஏதாவது சாக்குச் சொல்லி நெஸ்டாவை வரவிடாமல் செய்துவிட்டு, மற்ற எல்லாரும் கூடி, இதன் அடியில் பஞ்சும் உள்துணியும் வைத்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கையால் தைக்க ஆரம்பிப்பதாக ஏற்பாடு. வளைந்த துணி சட்டத்தில் ஏறாது. ஒரு பக்கம் விறைத்துக்கொள்ளும், மறுபக்கம் தொங்கும். வியாழக்கிழமையைத் தவறவிட்டால் மூன்று வாரத்தில் முடியாது. யாருக்குத் தெரியுமோ அவளிடம் மட்டும் கேட்கக்கூடாது.

"கேட்டுத்தான் பாரேன், வேற யாருக்கோன்னு சொல்லி" என்றாள் கெய்னர்.

"அவகிட்டயா? நான் வாயத் தெறந்தாலே கண்டுபிடிச்சிருவா."

அப்போதுதான் ஜன்னலில் நெஸ்டாவின் சிவப்புக் குடையைப் பார்த்தோம். கல்லறைகளுக்கு நடுவே மழையில் விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தது. மடித்து வைக்க நேரமில்லை. அலமாரியிலிருந்த வெள்ளை மேசை விரிப்புகள் நாலையும் போர்வையின்மேல் வீசினேன். போதாத இடத்தில் கெய்னர் தன் உடம்பைப் போட்டாள்.

நெஸ்டா கதவருகில் நின்று குடையை உதறினாள். "என்னடீ, தரையில கெடக்கிற?"

"முதுகு பிடிச்சிக்கிச்சு. டாக்டர் பலகையில படுக்கச் சொன்னாரு."

"அதுக்கு தேவாலயத்து மேசை விரிப்பா?"

"பலகை சில்லுன்னு இருக்குல்ல."

"எந்த டாக்டர்?"

"புதுசா வந்திருக்காரே, அவரு."

"அது பொம்பள டாக்டர், கெய்னர்."

"எனக்கு வலியில கண்ணு தெரியல, தாயே."

நெஸ்டா கல்யாணத்தன்று டீ போடுவதற்குப் பெரிய கொதிகலனைப் பார்க்க வந்திருந்தாள். அதன் குழாய் ஒழுகுகிறதா என்று திருப்பிப் பார்த்தாள், மூடியை முகர்ந்து பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். நான் டீயும் உலர்திராட்சை ரொட்டியும் வைத்தேன். கெய்னர் படுத்தபடியே ஒரு துண்டு ரொட்டியைத் தின்று, தும்மாமல் இருக்கப் பாடுபட்டாள்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இனி எதற்கும் உதவாது என்று தோன்றுகிற நறுக்குத் துணிகளைக்கூட எறிவதில்லை. மேசைமேல் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும், அதில் போட்டுவிடுவோம். அது நிறைந்ததும் ஊசி குத்திவைக்கும் தலையணைகளுக்குள் அடைப்போம். டீ குடிக்கும்போது அந்த ஜாடிக்குள் கைவிட்டு அளைந்துகொண்டிருப்பது நெஸ்டாவின் பழக்கம். சிலருக்கு ஜெபமாலை எப்படியோ அப்படி. அன்றைக்கும் அவள் கை உள்ளே போனது. நான் பேச்சை வேறு பக்கம் திருப்பலாம் என்று ஆட்டுக்குட்டிகளைப் பற்றி ஏதோ சொன்னேன். அவள் விரல்களில் ஒரு பச்சை நறுக்கு வந்தது. அதில் பாதி வாத்துத் தலை, ஒரு கண்.

நெஸ்டா அந்தக் கண்ணைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது.

நெஸ்டா வாத்தை மேசையில் வைத்துவிட்டு இன்னொரு நறுக்கை எடுத்தாள், பிறகு இன்னொன்றை. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினாள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அகலம், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவள் முகத்தில் சிரிப்பு வந்து, உதட்டைக் கடித்ததில் நின்றது.

"அழகா வெட்டியிருக்கு. யாரு வெட்டினா?"

"நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"வெட்டறதுக்கு முன்னாடி, இது ஏன் நீட்டிக்கிட்டு வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." டீயை முடித்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பினாள். "வியாழக்கிழமை நான் வரமாட்டேன். எனக்குச் சளி பிடிக்கப்போகுது."

குடை கல்லறைகளைத் தாண்டிப் போகும்வரை நான் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சிருச்சு" என்றாள் கெய்னர்.

"தெரிஞ்சிருச்சு."

"அப்ப நான் எந்திரிக்கலாமா? உண்மையிலயே முதுகு பிடிச்சிக்கிச்சு."

நான் ஜாடியை மேசைமேல் கொட்டினேன். பழைய நறுக்குகளை ஒதுக்கிவிட்டு என்னுடையவற்றை எண்ணினேன். இருபத்தாறு. இருபத்தேழு பட்டை என்றால் இருபத்தாறு தையல். தையலுக்கு ஒரு நறுக்கு. ஒவ்வொரு தையல் முடிவிலும் புதுப்பட்டையின் நுனி கொஞ்சம் நீட்டிக்கொண்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அளவில் ஏதோ சின்னப் பிசகு என்று நினைத்து, சக்கரக் கத்தியால் சுத்தமாக நறுக்கிவிட்டேன். ஒரு தடவை நடந்தால் பிசகு. இருபத்தாறு தடவையும் ஒரே அளவில் நடந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. காரணத்தைச் சொல்ல வந்த சாட்சியை, சுத்தம் பார்த்து நானே ஜாடியில் போட்டு மூடியிருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். எந்த நறுக்கிலும் குறுக்கே தையல் ஓடவில்லை. எல்லாம் ஒற்றைத் துணி. அதாவது, ஏற்கெனவே சேர்த்துத் தைத்த பகுதி ஒரு தடவைகூட நீளவில்லை. நீண்டது எப்போதும் புதிதாக வைத்த பட்டை. அந்தப் புதுப்பட்டையை நான் எப்போதும் மேலே வைத்துத்தான் தைத்தேன், எப்போதும் தலைமாட்டிலிருந்து தொடங்கி.

"கெய்னர், பென்சில் எடு."

மிச்சத் துணியில் ஒரே நீளமாக இரண்டு பட்டை வெட்டினோம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, ஒவ்வொரு சாணுக்கும் இரண்டின் விளிம்பிலும் நேருக்கு நேராகக் கோடு போட்டோம். பத்துக் கோடுகள். பிறகு கூடத்துத் தையல் இயந்திரத்தில் தைத்தேன், எதையும் இழுக்காமல், கையைச் சும்மா மேலே வைத்துக்கொண்டு. முதல் கோடுகள் இரண்டும் ஒன்றாக இருந்தன. மூன்றாவதில் ஒரு நூல் வித்தியாசம். ஆறாவதில் குண்டூசித் தலையளவு. பத்தாவதில் மேல்துணியின் கோடு கிட்டத்தட்ட ஒரு நகத்தின் அகலத்துக்குப் பின்தங்கி நின்றது.

தையல் இயந்திரத்தை நாற்பது வருடமாக ஓட்டுகிறேன். அன்றைக்குத்தான் குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தேன். ஊசிக்குக் கீழே தகட்டின் பிளவில் இரண்டு வரிசைப் பற்கள். அவை மேலே வந்து துணியைக் கவ்வி, ஒரு தையல் தூரம் பின்னால் நகர்த்தி, கீழே இறங்கி, மறுபடி முன்னால் வந்து மேலே ஏறுகின்றன. அவ்வளவுதான் இயந்திரத்தின் நடை. பற்கள் தொடுவது அடித்துணியை மட்டும். மேல்துணியை அழுத்திக்கொண்டிருப்பதோ வழவழப்பான உலோகப் பாதம். அது நகர்த்தாது, சற்றுப் பிடித்தும் வைக்கும். அதனால் அடித்துணி ஒரு மயிரிழை முந்திப் போகிறது, மேல்துணி ஒரு மயிரிழை இழுபட்டுப் பின்தங்குகிறது. குட்டையான தையலில் இது தெரியாது. இரண்டு மீட்டர் முப்பதில் ஒரு நறுக்கு. இருபத்தாறு தையலும் ஒரே பக்கமிருந்து போனால், இருபத்தாறு நறுக்கும் ஒரே பக்கமாகக் கூடி ஒரு வாழைப்பழம்.

"யாரு மேலயும் தப்பு இல்லங்கிற" என்றாள் கெய்னர்.

"நான் வெட்டினது தப்பு."

"அதச் சொல்லு. எனக்கு அதுதான் வேணும்."

எல்லாவற்றையும் பிரிக்கவேண்டியதில்லை என்பது கணக்குப் போட்டபோது தெரிந்தது. ஒன்றுவிட்டு ஒன்று பிரித்தால் போதும். பதின்மூன்று தையல், முப்பது மீட்டர். புதன்கிழமை காலையில் ஆறு பேர் பிரிப்பூசியோடு வந்துவிட்டார்கள். சிவப்பும் வெள்ளையுமாக நூல்துணுக்குகள் எல்லார் கம்பளிச் சட்டையிலும் ஒட்டிக்கொண்டன. யாரோ பாட ஆரம்பித்தார்கள். பள்ளத்தாக்கில் ஆறு பேர் சேர்ந்தால் நாலு குரலாகப் பிரிந்து பாடாமல் கலைய மாட்டார்கள். கெய்னர் முதுகைப் பிடித்துக்கொண்டு கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டாள்.

பிரித்த தையல்களை இந்தத் தடவை கால்மாட்டிலிருந்து தைத்தேன். அப்படித் தொடங்கும்போது புதுப்பட்டை தானாகவே அடியில் போய்விடுகிறது, முன்பு தைத்த பகுதி மேலே வருகிறது. ஒரு தையல் வலப்பக்கம் இழுத்ததை அடுத்த தையல் இடப்பக்கம் இழுத்துச் சரிசெய்கிறது. நுனிகள் நீட்டிக்கொண்டுதான் வந்தன, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். கத்தியைத் தொடவில்லை.

சாயங்காலம் பலகைத் தரையில் விரித்தோம். மழை விட்டு வெயில் ஜன்னல் வழியாகத் தாழ்வாக விழுந்தது. இடது விளிம்பைத் தலைமாட்டில் கோட்டின்மேல் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கோடும் விளிம்பும் கால்மாடுவரை என்னோடு ஒன்றாகவே வந்தன. நட்டநடுவில் வாத்துகள் வரிசை குலையாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கெய்னர் கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள்.

பிறகு ஒரு சீட்டில் எழுதி, இயந்திரத்தின் கழுத்தில் ஒட்டினேன்:

நீளப் பட்டைகளைச் சேர்க்கும்போது ஒரு தையலைத் தலைமாட்டிலிருந்து தொடங்கு, அடுத்ததைக் கால்மாட்டிலிருந்து தொடங்கு. நீட்டிக்கொண்டு வருவதை அப்போதைக்கப்போது வெட்டாதே. எல்லாம் தைத்து முடித்தபின் ஒரே ஒரு தடவை வெட்டு.