பூட்டாத கேற்

இரவு வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தான் இங்கிலாந்தில் நடந்துகொண்டிருந்தார். மேசையில் மடிக்கணினி. திரையில் ஈரமான ஒரு ஒழுங்கை, இரண்டு பக்கமும் கல் மதில். அவர் அம்புக்குறியை அழுத்த அழுத்த ஒழுங்கை ஒரு குலுக்கலோடு முன்னால் வந்தது.

"இதிலை இடப்பக்கம் திரும்பினா ஆத்தடி," என்றார், என்னைப் பார்க்காமலே.

"அத்தான், இஞ்சை பக்கத்திலை இருக்கிற ஸ்ட்ரோம்மனுக்குப் போறதுக்கே உங்களுக்கு போன் வழி சொல்லோணும்."

"ஸ்ட்ரோம்மனைப் பற்றி என்னை ஒருத்தனும் கேக்கப்போறேல்லை."

திரையில் தெரிந்த ஊரின் பெயர் நெதர்கோம். ஊருக்கு ஒரே ஒரு கடை. மூடப்போன கடையை ஊரவர்களே கூட்டாக வாங்கியிருந்தார்கள். அதையும் அதற்குள் இருக்கும் தபால் பகுதியையும் பொறுப்பெடுத்து, மேல்மாடியில் குடியிருக்க ஒரு குடும்பத்தைத் தேடினார்கள். அன்று பின்னேரம் வீடியோவில் நேர்காணல். என் அக்கா இமெல்டா லண்டனில் சித்தி வீட்டில் வளர்ந்தவள், இங்கிலாந்துக் கடவுச்சீட்டு வைத்திருப்பவள். ஒஸ்லோவில் இன்னொரு குளிர்காலம் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கடை கிடைத்தால் அந்த வருமானத்தைக் காட்டி அத்தானையும் கூட்டிக்கொண்டு போகலாம். கிடைக்காவிட்டால் அவள் மகள் எம்மாவோடு சித்தி வீட்டுக்குப் போவாள், அத்தான் இங்கே. இதை அவள் சத்தம் போடாமல், வெங்காயம் உரித்துக்கொண்டு சொன்னாள். அதனால் அது நடக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

பேனாட் அத்தான் ஒரு ஊரை இப்படிப் படித்ததற்குக் காரணம் இருந்தது. மன்னாரிலிருந்து வந்து இங்கே அகதியாகப் பதிந்தபோது நேர்காணலில் கேட்டார்கள்: உங்கள் ஊரில் கோயிலிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவது? "நடந்தா வரும்," என்றார். பிறந்த ஊரில் எவன் வழி பார்த்து நடக்கிறான்? பக்கத்து ஊர்களின் பெயர்களைக் கேட்டபோது பதற்றத்தில் இரண்டைச் சொல்லிவிட்டு நின்றார். அவர் அந்த ஊர்க்காரன் என்று நம்ப முடியவில்லை என்று எழுதி மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு முடியும்வரை முகாமில் வருடங்கள் போயின. பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன புத்தி ஒன்றுதான்: ஊரைப் பாடமாக்கு. அயலுக்குள்ளை ஆர் ஆர் இருக்கினம், ஆரின்ரை வீட்டு வளவுக்கு என்ன வேலி, எல்லாம் பாடமாக்கு. பலருக்கு அது வேலை செய்தது.

நெதர்கோமின் சரித்திரம் என் பங்கு. பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்து இடையில் விட்டவன் நான். இப்போது இரவில் களஞ்சியமொன்றில் பெட்டி அடுக்குகிறேன்.

"பாதியிலை விட்டவனிட்டைக் கேட்டா பாதிதான் வரும்," என்று முதல் நாளே சொன்னேன்.

"பாதி காணும். நீ சொல்லடா றொபின்."

ஊரின் இணையத்தளத்தைச் சேர்ந்து வாசித்தோம். சுண்ணாம்புக் குன்றின் அடியில் வீடுகள். மேற்கே ஆறு; குளிர்காலத்தில் பெருகிப் பாலத்தடிப் புல்வெளியை மூடிவிடும். சேர்ச் மட்டும் வீடுகளை விட்டு விலகி, புல்வெளியில் தனியே நிற்கிறது. ஏனென்றால் ஊர் முதலில் அங்கேதான் இருந்தது. கொள்ளைநோயில் பாதிச் சனம் செத்தது. மிச்சம் இருந்தவர்களின் பிள்ளைகளை நிலக்காரன் அங்கிருந்து குடியெழுப்பிவிட்டு அந்த நிலத்தில் ஆடு மேய்த்தான். அவர்கள் மேட்டுக்கு ஏறினார்கள். பழைய வீடுகள் இருந்த இடம் புல்லுக்கு அடியில் இன்னும் மேடும் பள்ளமுமாகத் தெரியும். மன்னாரில் அத்தானின் ஊரிலும் சண்டைக்குள் சனம் எழும்பிப் போக, மாதா கோயில் மட்டும்தான் மிஞ்சியது. இதை நான் நினைத்தேன். அவர் நினைத்தாரா தெரியாது.

"சேர்ச் தனிய. ஓம். அடுத்தது?" என்றார்.

நான் கொஞ்சம் படுத்து எழும்பி வந்தபோது அக்காவும் அத்தானும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் வெள்ளைச் சேர்ட்டின் மேல் பொத்தான்வரை பூட்டியிருந்தார். நான் கமெராவில் விழாத பக்கமாக சோபாவின் கைப்பிடியில் இருந்தேன். திரையில் ஒரு சமையலறை. கடைக் குழுவின் தலைவி மார்கிரட், வெள்ளை முடி, மெல்லிய உடம்பு. பக்கத்தில் காதுக்குக் கருவி மாட்டிய கொலின் என்ற கிழவர். அவர்களுக்குப் பின்னால் யன்னல், யன்னலுக்கு அப்பால் தோட்டமும் அதன் வேலியில் சின்ன மரக் கேற் ஒன்றும்.

ஏன் எங்கள் ஊர் என்று மார்கிரட் கேட்டார். அத்தான் தன்னுடைய ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, ஆற்றிலிருந்து தொடங்கினார். குன்று, வெள்ளம், கொள்ளைநோய், ஆடுகள், புல்லுக்கு அடியில் இருக்கும் தெரு. மூடிப்போன ரயில் நிலையம். போர் நினைவுக் கல்லில் ஒரே குடும்பத்துச் சகோதரர்களின் பெயர்கள். கொலின் கருவியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். இங்கே பிறந்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்று சிரித்தார். அக்காவின் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மிகவும் நல்லது," என்றார் மார்கிரட். "இனி உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

அத்தானின் முகம் மாறியது. அந்த முகத்தை எனக்குத் தெரியாது, ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. இவர்களும் தன்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டார். கைகள் இரண்டும் முழங்கால்களில் போய் ஒட்டிக்கொண்டன.

"மேடம், உங்கள் வீட்டுக் கதவு நீலம்," என்றார். "தபால் பெட்டிக்கு அடுத்த வீடு. உங்கள் கணவர் பீற்றர். அவர் நினைவாகச் சேர்ச் வளவில் உட்கார ஒரு வாங்கு இருக்கிறது. மகன் கனடாவில். நீங்கள் தனியாக இருக்கிறீர்கள்."

எல்லாம் ஊர்ச் செய்திமடலில் இருந்ததுதான். மிச்சம் இணையத்தின் தெருப் படங்களில். கொலினின் சிரிப்பு வாயில் அப்படியே நின்றது, கண் மட்டும் மார்கிரட் பக்கம் போனது. அக்கா மேசைக்குக் கீழே அத்தானின் காலை மிதித்தாள். அவர் தன் கால் அவளுக்கு இடைஞ்சல் என்று நினைத்து அதை மரியாதையாக ஒதுக்கினார்.

"காணும்," என்றாள் தமிழில், உதடு அசையாமல்.

"பொறு, முடிக்கேல்லை." மறுபடி திரையைப் பார்த்தார். "வீட்டுக்குப் பின்னால், ஒழுங்கைப் பக்கம் மரக் கேற். அது பூட்டுவதில்லை. பழைய வருடப் படங்களிலும் பார்த்தேன். எப்போதும் திறந்துதான் இருக்கிறது."

குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. அது எங்கள் வீட்டிலா அவர்கள் வீட்டிலா என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்கா தன் நல்ல ஆங்கிலத்தில் அவசரமாகத் தொடங்கினாள்: அவருக்கு ஊரில் அவ்வளவு ஆர்வம், வேறொன்றும் இல்லை. மார்கிரட் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, ஒரு நிமிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்று சொல்லிச் சத்தத்தை நிறுத்தினார். படத்தை நிறுத்தத் தெரியவில்லை போலிருக்கிறது. அக்கா எங்கள் பக்கத்துச் சத்தத்தையும் நிறுத்தினாள்.

"தனிய இருக்கிற மனுசியிட்டைப் போய், உன்ரை கேற் பூட்டுறேல்லை எண்டு ஆரும் சொல்லுவினமோ?"

"எனக்கு ஊர் தெரியுமெண்டு அவைக்குத் தெரியவேண்டாமோ?"

"அவ உங்களைப் பற்றித்தான் கேட்டவ. உங்களைப் பற்றி!"

"என்னைப் பற்றிக் கேட்டா என்ன சொல்லுறது? நடந்தா வரும் எண்டோ?"

உள்ளறையில் எம்மா யாரோடோ போனில் நொர்வேஜிய மொழியில் சிரித்துக் கதைப்பது கேட்டது. அத்தான் கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரையில் கொலின் கையை விரித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மார்கிரட் கேட்கவில்லை. எழும்பிப் படத்தை விட்டு வெளியே போனார். கொலின் சொல்வதை நிறுத்தி, காலிக் கதிரையைப் பார்த்தபடி இருந்தார். கொஞ்ச நேரத்தில் யன்னலுக்கு அப்பால், தோட்டத்தில், அந்த வெள்ளை முடி தெரிந்தது. ஈரப் புல்லில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்துகொண்டிருந்தார்.

அத்தான் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"இஞ்சை பார் றொபின்," என்றார் மெதுவாக. குரலில் சந்தோசம் மாதிரி ஒன்று இருந்தது. "அந்தக் கேற்தான்."

மார்கிரட் அதைச் சாத்துவதற்கு இரண்டு கையாலும் தள்ளினார். அடிப்பலகை புல்லில் மாட்டியது. காலால் உதைத்து, மறுபடியும் தள்ளினார். அத்தான் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேற் அசைவதை அவர் இதுவரை பார்த்ததில்லை.